நீரிணையின் நடுவே ஒரு கோடு: மின்னணுக் கடல் வரைபடங்கள் கட்டங்களாகும் விதம்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையின் பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியில் நின்றுகொண்டு கைப்பேசியில் இருப்பிடத்தைப் பார்த்தால், கிளம்பும்போது தீர்க்கரேகை ஏறத்தாழ 100 பாகை 20.6 கலை என்று காட்டும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் கலை. படகு கரையை விட்டுச் சில நூறு மீட்டர் விலகியதும் அந்த எண் 21ஐத் தாண்டுகிறது. அட்சரேகையும் 5 பாகை 24 கலைக்குச் சற்று மேலிருந்து சற்றுக் கீழாக இறங்குகிறது. பயணிக்கு இது ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் அமெரிக்கா தன் மின்னணுக் கடல் வரைபடங்களுக்கு வகுத்த கட்டமுறையைப் பூமத்திய ரேகையிலிருந்தும் கிரீன்விச்சிலிருந்தும் எண்ணிக்கொண்டு வந்து பினாங்கின்மேல் அப்படியே விரித்துப் பார்த்தால், துறைமுக அளவிலான கட்டங்களின் எல்லைக்கோடுகள் இரண்டு சரியாக இந்த நீரிணையில்தான் விழுகின்றன. கால் மணி நேரப் பயணத்தில் ஃபெரி ஒரு கட்டத்திலிருந்து குறுக்கே இன்னொரு கட்டத்துக்குப் போய்விடும்.

ஒரு துறைமுகத்தின் கப்பல் வழியை நடுவே கிழித்துக்கொண்டு போகும் கோட்டை எந்த வரைபடக்காரராவது விரும்பிப் போடுவாரா என்ற கேள்வி இயல்பாக எழும். காகிதக் காலத்தில் எவரும் போட்டிருக்க மாட்டார். அப்படிப் போடுவதால் இன்று பெரிய தீங்கில்லை என்ற நிலை எப்படி வந்தது, கட்டமுறைக்கு வேறு எங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த வரைபடங்கள் எதனால் ஆனவை என்று பார்க்க வேண்டும்.

சர்வதேசப் பயணம் செய்யும் பெரிய கப்பல்களில் எக்டிஸ் எனப்படும் திரைக் கருவி இருக்க வேண்டும் என்ற விதி 2012 ஜூலையில் தொடங்கிப் படிப்படியாக 2018 ஜூலைக்குள் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கருவிக்குள் போகும் வரைபடம் படமல்ல, தரவு. ஒவ்வொரு மிதவையும், கலங்கரை விளக்கமும், ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் ஆழக்கோடும், நங்கூரமிடத் தடை செய்யப்பட்ட பகுதியும் தனித்தனிப் பொருளாக, தனித்தனிப் பண்புகளோடு பதியப்பட்டிருக்கும். அவற்றைத் திரையில் வரைவது கருவியின் வேலை. இந்தத் தரவு எஸ்-57 என்ற சர்வதேசத் தரத்தின்படி துண்டு துண்டாக வெளியிடப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் தனிக்கோப்பு. அதற்கு எட்டு எழுத்துப் பெயர்: முதல் இரண்டு எழுத்து வெளியிடும் நாட்டைக் குறிக்கும், மலேசியாவுக்கு எம்-ஒய். அடுத்து வரும் எண், ஒன்றிலிருந்து ஆறு வரை, அந்தத் துண்டு பெருங்கடல் அளவிலான மேலோட்டமா, கரையோரப் பயணத்துக்கானதா, துறைமுகத்துக்கானதா என்று சொல்லும். ஒரே நிலையைச் சேர்ந்த இரண்டு துண்டுகளின் தரவு ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது என்பது கண்டிப்பான விதி. மலேசியாவில் இந்தப் பணி கடற்படையின் கீழ் இயங்கும் தேசிய நீரளவியல் மையத்தின் பொறுப்பு. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய புலாவ் இண்டாவில் அது இருக்கிறது.

துண்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், அதன் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை எஸ்-57 விதித்துவிடவில்லை. இரண்டு அட்சரேகைகளுக்கும் இரண்டு தீர்க்கரேகைகளுக்கும் இடைப்பட்ட செவ்வகமாக இருக்க வேண்டும், கோப்பு ஐந்து மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்பதோடு அது நின்றுவிட்டது. எனவே பெரும்பாலான நாடுகள் கையில் இருந்ததை வைத்துத் தொடங்கின. கையில் இருந்தது காகித வரைபடம்.

காகித வரைபடத்தின் விளிம்பு கடலுக்காக வெட்டப்பட்டதல்ல, மேசைக்காக வெட்டப்பட்டது. கப்பலின் வரைபட மேசையில் விரியக்கூடிய தாளுக்குள் ஒரு துறைமுகமும் அதன் அணுகுவழியும் முழுதாக அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அளவுத்திட்டத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள், அல்லது மூலையில் நிலம் மட்டும் இருக்கும் வெற்றிடத்தில் இன்னொரு சிறு துறைமுகத்தின் படத்தைச் செருகுவார்கள். பக்கத்துத் தாளோடு தாராளமாக மேலேறிக் கிடக்கும்படியும் விடுவார்கள், ஏனென்றால் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குக் கப்பலின் நிலையைப் பென்சிலால் மாற்றிக் குறிக்க இடம் வேண்டும். ஒவ்வொரு தாளும் தனக்குள் நியாயமானது. நூற்றைம்பது இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்த தாள்களை வரிசையாகப் பரப்பினால்தான் குழப்பம் தெரியும்.

அந்தத் தாள்களின் உருவத்தையே மின்னணுத் துண்டுகளும் பெற்றுக்கொண்டன. அமெரிக்காவில் கடல் வரைபடங்களை வெளியிடும் நோவா என்ற அரசு அமைப்பிடம் சுமார் 1,200 மின்னணுத் துண்டுகள் இருந்தன. அவற்றில் 130க்கும் மேற்பட்ட வெவ்வேறு அளவுத்திட்டங்கள்! ஒரு விரிகுடாவின் ஒரு பாதி ஓர் அளவிலும் மறுபாதி இன்னோர் அளவிலும் இருந்தால் திரை என்ன செய்யும்? ஒன்றுக்குப் பொருத்தமாகப் பெரிதாக்கினால் மற்றது அதன் தகுதிக்கு மேல் பெரிதாகிவிடும். அப்படி ஆகும்போது எக்டிஸ் அந்தப் பகுதியின்மேல் செங்குத்துக் கோடுகளைப் போட்டு எச்சரிக்கும். மாலுமிகள் அதைச் சிறைக் கம்பிகள் என்பார்கள். அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் இருப்பது தாள்களின் பழைய வரலாறு, கடலடியின் உண்மை அல்ல.

2017இல் நோவா வெளியிட்ட தேசியக் கடல் வரைபடத் திட்டம் இதை மாற்ற முற்பட்டது. 130 அளவுகள் 12 ஆகச் சுருங்கும். 1:10,000, 1:20,000, 1:40,000, 1:80,000 என்று ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்கு. துண்டுகள் ஒழுங்கான கட்டங்களாகும். துறைமுகக் கட்டம் நான்கரைக் கலைக்கு நான்கரைக் கலை. அணுகுவழிக் கட்டம் அதைப் போல நான்கு மடங்கு நீளமும் நான்கு மடங்கு அகலமும், அதாவது 18 கலை. கரையோரக் கட்டம் மீண்டும் நான்கு மடங்கு, 1.2 பாகை. பெரிய கட்டம் ஒன்றுக்குள் சிறிய கட்டம் பதினாறு கச்சிதமாக உட்காரும், எங்கும் மீதி விழாது. கட்டத்தின் பெயரிலேயே அதன் வரிசையும் நிரலும் எழுத்துகளாக வந்துவிடும். இதற்காக 1,200 துண்டுகள் சுமார் 9,000 கட்டங்களாகப் பெருகும். அதற்கு இணையாக நோவா தன் மரபான காகித வரைபடங்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்து 2025 ஜனவரியில் கடைசித் தாளையும் நிறுத்தியது. இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள்: தாள் இருக்கும்வரை கட்டம் சுதந்திரமாக இயங்க முடியாது.

நான்கரைக் கலை என்பது நம் பகுதியில் நான்கரைக் கடல் மைல், 8.3 கிலோமீட்டர். பினாங்குத் தீவு முழுவதும் ஏறத்தாழ ஒன்பது கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஐந்தரைப் பாகை அட்சரேகையில் கட்டம் கிட்டத்தட்டச் சதுரமாகவே இருக்கும், நீள அகல வேறுபாடு நூற்றில் ஒன்றுகூட இல்லை. அலாஸ்காவில் அப்படியில்லை. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், அறுபதாம் பாகையில் அதே கட்டத்தின் அகலம் பாதியாகிவிடும். அங்கே அகலத்தைக் கூட்டிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டமுறையை யாராவது பூமத்திய ரேகைக்கு அருகில் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தத் தலைவலியே தெரிந்திருக்காது.

இனி, இதனால் கப்பலுக்கு என்ன லாபம் என்பது. அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கி வைப்பது போன்ற வேலை இது என்று நினைப்பவர்கள் உண்டு. பாதுகாப்பு ஆழக்கோடு என்ற ஒன்றை மட்டும் கவனித்தால் அந்த எண்ணம் மாறும்.

எக்டிஸில் மாலுமி தன் கப்பலுக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆழத்தைக் கொடுக்கிறார். ஒன்பது மீட்டர் நீரில் அமிழும் கப்பல் என்றால் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கருவி பத்து மீட்டர் ஆழக்கோட்டைத் தடித்த கோடாகக் காட்டி, அதற்கு உட்பட்ட ஆழம் குறைந்த பகுதியை நீல நிறமிட்டு, கப்பல் அதைக் கடக்கப் போனால் ஒலி எழுப்பும். ஆனால் கருவிக்குத் தானாகக் கோடு வரையத் தெரியாது. தரவில் பத்து மீட்டர் கோடு இல்லையென்றால் அதற்கு அடுத்த ஆழமான கோட்டை எடுத்துக்கொள்ளும். அமெரிக்கத் துண்டுகள் பல, அடியிலும், ஆறடி கொண்ட பாகம் என்ற பழைய கடலளவிலும் வரையப்பட்ட தாள்களிலிருந்து வந்தவை. முப்பதடிக் கோடு 9.1 மீட்டராகவும் அறுபதடிக் கோடு 18.2 மீட்டராகவும் மாறிக் கிடந்தன. பத்து மீட்டர் கேட்டவருக்குக் கருவி 18.2ஐக் கொடுக்கும். பதினைந்து மீட்டர் ஆழமுள்ள நல்ல நீர்ப்பரப்பெல்லாம் நீலமாகிவிடும். அடுத்த துண்டில் வேறு கோடுகள் இருந்தால், எல்லையைத் தாண்டியதும் தடித்த கோடு திடீரென்று வேறிடத்துக்குத் தாவும். கடலடி தாவவில்லை, துண்டுகள் சேரும் தையல்தான் தாவியது.

மீட்டரில் வரையப்பட்டால் மட்டும் இது தீர்ந்துவிடாது. 5, 10, 20, 30 என்று கோடுகள் உள்ள வரைபடத்தில் பதினொரு மீட்டர் கேட்டாலும் இருபதுதான் கிடைக்கும். தேவையில்லாமல் நீலமாகும் பரப்பில் தேவையில்லாத ஒலிகள் எழும். தொடர்ந்து எழும் ஒலிக்கு மனிதக் காது என்ன மரியாதை கொடுக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. இங்கேதான் கட்டமுறை உள்ளே வருகிறது. எல்லாக் கட்டங்களையும் புதிதாகத் தொகுக்கும்போது ஆழக்கோடுகளை மீட்டரில், நெருக்கமாக, பக்கத்துக் கட்டத்தோடு பொருந்தும்படி வரைய வாய்ப்புக் கிடைக்கிறது. நெருக்கமான கோடுகளுக்கு அதிகத் தரவு வேண்டும், கோப்பின் அளவுக்கோ வரம்பு உண்டு. பெரிய ஒழுங்கற்ற துண்டில் அடைக்க முடியாததைச் சிறிய கட்டத்தில் அடைக்கலாம். என் மதிப்பீட்டில் கட்டமுறையின் உண்மையான பயன் இதுதான்: சதுரங்கள் அழகாக இருப்பதல்ல, அவற்றைக் காரணமாக்கி உள்ளே இருப்பதை மறுபடி செய்ய நேர்வது.

இன்னொரு பயனையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துறைமுகத்தில் ஒரு பகுதி தூர்வாரப்பட்டாலோ ஒரு படகுத்துறை நீட்டப்பட்டாலோ, அந்த ஒரு கட்டத்தின் புதிய பதிப்பை மட்டும் வெளியிட்டால் போதும். கடலில் இணையத் தொடர்புக்குப் பணம் கொடுக்கும் கப்பலுக்குச் சிறிய கோப்பு நல்லது.

நீரிணையின் நடுவே போன கோட்டுக்குத் திரும்புவோம். காகிதத்தில் அது கொடுமையாக இருந்திருக்கும். பினாங்குத் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவரும் பைலட், சுவெட்டன்ஹாம் கப்பல்துறை ஒரு தாளிலும் எதிர்க்கரையின் சரக்குப் பெட்டக முனையம் இன்னொரு தாளிலும் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கற்பனை செய்வது கடினமல்ல. திரையில் அந்தக் கோடே தெரியாது. கருவி பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்துத்தான் காட்டுகிறது. இரண்டு கட்டங்களும் ஒரே அளவுத்திட்டத்தில், ஒரே ஆழக்கோடுகளோடு, ஒரே நாளில் புதுப்பிக்கப்பட்டிருந்தால் தையல் கண்ணுக்கே படாது. இந்த மூன்றில் ஒன்று தவறினால் தையல் கப்பல் வழியின் நடுவிலேயே தெரியும். பழைய துண்டுகளில் தையல் கரையோரமாக ஒளிந்திருந்தது. கட்டமுறையில் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், எனவே வெளியிடும் அலுவலகத்தின் ஒழுக்கம் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

விலை விஷயம் வேறு. நோவா தன் மின்னணு வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. எனவே 1,200 என்பது 9,000 ஆனாலும் கப்பல் நிறுவனத்தின் பையில் கை வைக்கவில்லை. பல நாடுகளின் வரைபடங்களோ துண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் விற்பனை முகவர்கள் வழியாக விற்கப்படுகின்றன. ஒரு துண்டு ஏழெட்டுக் கட்டங்களாகப் பிரிந்தால், கட்டத்தின் விலையையும் அதே விகிதத்தில் குறைக்காவிட்டால், ஒரே நீர்ப்பரப்புக்கு மாலுமி பலமடங்கு கொடுக்க நேரும். கடந்த தூரத்துக்கு மட்டும் பின்னால் கணக்கிட்டு வாங்கும் முறை இருப்பதால் பெரிய நிறுவனங்கள் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். உள்ளூர் ஓட்டத்தில் இருக்கும் சிறு சரக்குக் கப்பலின் கணக்கு அப்படியல்ல. கட்டமுறையை ஆதரிப்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பேன்.

மலாக்கா நீரிணையில் கட்டங்களைப் போட நினைத்தால் இன்னொரு சிக்கல் முன்னால் வந்து நிற்கும். அமெரிக்கா தன் கரையில் தனியாக முடிவெடுக்கலாம். இங்கே நீர் ஒன்று, நாடுகள் மூன்று. கட்டத்தின் கோடு 18 கலைக்கு ஒருமுறை நேராகப் போகும், கடல் எல்லை நேராகப் போகாது. எல்லையில் விழும் கட்டத்தை யார் வெளியிடுவது? மேலேறக்கூடாது என்ற விதி இருப்பதால் இருவரும் வெளியிட முடியாது. இருவரும் விட்டுவிட்டால் நடுவில் ஓட்டை விழும். இந்தோனேசியா, ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கும் சேர்ந்து மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளுக்கு மின்னணு வரைபடம் வெளியிட்ட முன்னுதாரணம் உண்டு. 1971இல் தொடங்கிய கிழக்காசிய நீரளவியல் ஆணையமும் இருக்கிறது. எனவே பேசுவதற்கு மேசை இல்லாமல் இல்லை.

பேச வேண்டியவற்றில் பழைய பாக்கி ஒன்றும் உண்டு. தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் 1948 என்ற ஆதாரத்தை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கணக்கிடும் சட்டகத்தை, அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய செயற்கைக்கோள் நிலைகள் டபிள்யூ-ஜி-எஸ் 84 என்ற ஆதாரத்தில் வருகின்றன. இரண்டுக்கும் இடையே பினாங்கு அருகே நூறு மீட்டருக்கு மேல் விலகல் இருக்கிறது. காகிதத்தில் இது ஒரு குறிப்பாக ஓரத்தில் அச்சாகும், மாலுமி மனத்தில் கழித்துக்கொள்வார். தரவில் அந்தச் சலுகை கிடையாது. பழைய அளவாய்வைப் புதிய கட்டத்துக்குள் கொண்டுவரும்போது அந்த நூற்றுச் சொச்ச மீட்டரை முறையாகத் திருத்தாமல் விட்டால், இரண்டு கட்டங்கள் சந்திக்கும் இடத்தில் கரைக்கோடு முறிந்து நிற்கும்.

திருத்தினாலும் கட்டத்தால் தர முடியாத ஒன்று இருக்கிறது, அது ஆழத்தின் நம்பகம். மின்னணு வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் அளவாய்வின் தரத்தைச் சொல்லும் குறியீடு உண்டு. ஏ1 என்றால் ஆழத்தில் பிழை அரை மீட்டரும் அதோடு ஆழத்தில் நூற்றில் ஒரு பங்கும்தான். சி என்றால் இரண்டு மீட்டரும் நூற்றில் ஐந்து பங்கும், இடத்தில் ஐந்நூறு மீட்டர் வரையும். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் ஆழ்ந்து அமிழும் கப்பல்களுக்கு எந்நேரமும் அடிப்பாகத்துக்குக் கீழே குறைந்தது மூன்றரை மீட்டர் நீர் இருக்க வேண்டும் என்பது விதி. முப்பது மீட்டர் ஆழம் என்று எழுதப்பட்ட ஓரிடம் சி தரத்தில் இருந்தால், பிழைக்கு விட வேண்டிய இடம் இரண்டும் ஒன்றரையும் சேர்ந்து மூன்றரை மீட்டர். விதி கேட்கும் இடைவெளி முழுவதையும் அளவாய்வின் ஐயமே தின்றுவிடுகிறது. அதே இடம் ஏ1 என்றால் எண்பது சென்டிமீட்டரோடு போகும். கட்டத்தைச் சுற்றி எவ்வளவு நேர்த்தியாகக் கோடு போட்டாலும் இந்தக் கணக்கை ஓர் எண்கூட மாற்ற முடியாது. அளவாய்வுக் கப்பல்தான் போக வேண்டும்.

காலம் கட்டமுறைக்குச் சாதகமாகவே இருக்கிறது. எஸ்-57க்குப் பின்வரும் எஸ்-100 குடும்பத் தரங்களைப் பின்பற்றும் எக்டிஸை 2026 ஜனவரியிலிருந்து பயன்படுத்தலாம். 2029 ஜனவரியிலிருந்து புதிதாகப் பொருத்தப்படும் கருவிகள் அவற்றைப் பின்பற்றியே ஆக வேண்டும். அந்தக் குடும்பத்தில் எஸ்-101 வரைபடத்துக்கானது, எஸ்-102 கடலடியின் ஆழத்தை நெருக்கமான புள்ளி வலையாகவே தருவது. புதிய தரத்துக்கு எப்படியும் தரவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்னும்போது, பழைய தாளின் உருவத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போவதா, இறக்கி வைத்துவிட்டுப் போவதா என்பதை ஒவ்வொரு நாட்டு அலுவலகமும் ஒருமுறை முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

அந்த மாற்றம் நடக்கும் நாளில் கப்பலின் இரண்டாம் அதிகாரிக்குக் கிடைப்பது ஒரு வாரப் புதுப்பிப்புக் கோப்பு மட்டும்தான். பழைய துண்டு ரத்து, அதற்குப் பதிலாக இத்தனை கட்டங்கள் என்ற செய்தி அதில் இருக்கும். அவர் செய்ய வேண்டியவை சில. ரத்தான துண்டு கருவியிலிருந்து நீங்கிவிட்டதா என்று பார்ப்பது, புதிய கட்டங்களில் ஒன்றைக் கருவியில் திறப்பதற்கான அனுமதி வராமல் நடுவில் வெற்றிடம் விழுந்திருக்கிறதா என்று வழி நெடுகத் திரையை நகர்த்திப் பார்ப்பது, ஏற்கெனவே சேமித்து வைத்த பயணப் பாதையைப் புதிய தரவின்மேல் மறுபடி சோதிக்கச் சொல்வது. பாதை அதேதான், ஆனால் அதன் இருபுறமும் உள்ள ஆழக்கோடுகள் இப்போது வேறு. முன்பு கருவி இருபது மீட்டர் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் பன்னிரண்டு மீட்டர் கோடு வந்திருக்கலாம், நீலம் பின்வாங்கியிருக்கலாம். அந்தப் பின்வாங்கல் புதிய அளவாய்வால் வந்ததா, அல்லது பழைய ஆழங்களுக்கு நடுவே புதிதாக வரைந்த கோடுதானா என்பதைத் தரக் குறியீட்டைத் திரையில் வரவழைத்துப் பார்த்த பிறகே அவர் பாதுகாப்பு ஆழத்தின் எண்ணில் கை வைப்பார்.